ஓரகத்தி போட்ட தேத்தண்ணிக் கோலம்

தோட்டத்துக் கோவில் வாசலில், பனி விலகாத ஒரு பொங்கல் காலையில், என் ஓரகத்தி கோலமாவால் ஓர் அறுகோணம் இழுத்தாள். அதை ஒட்டி இன்னொன்று, சற்றுத் தள்ளி மூன்றாவது. புள்ளி வைக்காமலே கோடு நேராக வந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் என் கொழுந்தனின் மனைவி. ரிங்லெட் டவுன் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நான் தேயிலை ஆலையில் தூள் சலித்துத் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் எல்லாரும் அவளை டீச்சர் என்பார்கள், மாமியார் உட்பட. நான் 'பெரியவளே'. கியா பார்ம் சந்தையிலிருந்து அடிபட்ட ஸ்ட்ராபெரி வாங்கி வந்து அவள் ஜாம் காய்ச்சினால், அதை மாமியார் லயத்து வீடுகள் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுப்பார். என் சாம்பார் சட்டியோடு நின்றுவிடும். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் நானும் வேதியியல்தான் படித்தேன். அது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. என்றைக்காவது ஒருவர் தெரிந்துகொள்ள மாட்டார்களா என்ற ஏக்கம் எனக்குள் புழுங்கிக்கொண்டே இருந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து அழைக்க எனக்கு விருப்பமில்லை.

அன்று கோலப் போட்டி. மற்றவர்கள் மயிலும் பானையும் போட்டுக்கொண்டிருக்க, இவள் அறுகோணங்களின் மூலைகளிலிருந்து சிறு கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஓஎச் (OH) என்று எழுதிச் சிவப்புப் பொடி தூவினாள். கூட்டம் கூடிவிட்டது.

"என்னாம்மா டீச்சர் இது?" என்றார் நடுவராக வந்திருந்த தோட்ட ஆபீஸ் கிராணியார்.

"நம்ம தேத்தண்ணியோட மூலக்கூறுலா. நாக்குல துவர்ப்பா புடிக்குதில்ல? அது இந்த ஓஎச் கைங்க செய்யிற வேலை. மூலைக்கு மூலை ஒரு கார்பன் ஒளிஞ்சிருக்கு."

நாளெல்லாம் அந்தத் தூளிலேயே நிற்கிறவள் நான். அதைப் பற்றி ஊருக்குச் சொல்கிறவள் அவள்.

அப்போதுதான் பார்த்தேன். இரண்டு அறுகோணங்களும் ஒட்டுகிற மேல் மூலையில் ஓர் ஓஎச் நின்றது. கார்பனுக்கு நான்கு பிணைப்புகளுக்கு மேல் கிடையாது. அந்த மூலையில் மூன்று பக்கமும் கோடு, அதில் ஒன்று இரட்டைக் கோடு, ஆக நான்கும் தீர்ந்துவிட்டன. இந்த ஓஎச் ஐந்தாவது. அவளுக்குத் தெரியாமல் இருக்காது. வலப்பக்கம் மூலை நிறைந்து, இங்கே மொட்டையாக இருந்ததால், கோலம் சமமாக வரவேண்டும் என்று கை தானாக இழுத்திருக்கிறது. கோலம் போட்டு வளர்ந்த கைக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

"அந்தக் கார்பனுக்கு அஞ்சு கை இருக்கு" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

அவள் குனிந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போகும் என்று காத்திருந்தேன். அவளோ கலகலவென்று சிரித்தாள். "அய்யோ, ஆமாலா! அக்கா சொல்றது சரி. அழகுக்காக வெச்சிட்டேன்" என்று உள்ளங்கையால் அதை அழித்தாள். கூட்டம் கை தட்டியது. "படிச்ச புள்ள, தப்ப எம்புட்டு அழகா ஒத்துக்குது பாருங்க" என்று மாமியார் பூரித்துப்போனார். முதல் பரிசும் அவளுக்கே போனது. நான் கண்டுபிடித்த தப்பு அவளுக்குத்தான் பெருமை சேர்த்தது.

இப்போது அவளும் கொழுந்தனும் மாற்றலாகி ஈப்போவில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் இன்னும் அந்தக் கோலக் கதையைச் சொல்கிறார். தேநீர் கொண்டுவந்து வைப்பது நான்தான். அவர் கதையில் தப்பைச் சுட்டிக்காட்டியவள் 'யாரோ ஒருத்தி' ஆகிவிட்டாள்.

அவர் சொல்லாத ஒன்று உண்டு, அது அவருக்குத் தெரியாது. போட்டி முடிந்து குழாயடியில் நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். சிவந்த கையோடு அவள் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க எங்க கெமிஸ்ட்ரி படிச்சீங்க?"

அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நான் ஏங்கிக் கிடந்த கேள்வி அது. அதையும் அவள்தானா கேட்க வேண்டும்!