பந்துக்கு ஒரு வீசம்

சைக்கிளை என் வீட்டுக் கேட்டில் சாய்த்துவிட்டு, கங்காதரன் குனிந்து செம்பருத்திச் செடியடி ஈரமண்ணில் கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறார். பாதி நகம் வரை இறங்குகிறது. "மதராஸ்லயும் மழைதானே சார்?" என்கிறார். பேப்பரைப் பார்த்து, ஆமாம் என்கிறேன். "அப்ப ஆள் கனமா இருக்கிற பக்கம் சாய்ப்பு ஜாஸ்தி. அரையே அரைக்கால்னு வச்சுக்கலாம்" என்று விரலை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். வாலாஜா ரோட்டில் போகிறவர்கள் மழையைப் பார்த்தால் கடலைக்காயை நினைப்பார்கள். ரக்பி பந்தாட்டத்தை நினைக்கிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஒன்றில் பச்சைத்தோலைத் தரம் பிரிக்கிற வேலை இவருக்கு. ஐம்பது வயது. கைகளில் உப்பு அரித்த வெள்ளைத் தழும்புகள். ஒரு தோலை விரித்து, தடவி, முகர்ந்து பார்த்துவிட்டு "முக்கால்" என்பார், "அரை" என்பார். எவ்வளவு நல்ல தோலானாலும் "முக்காலே மூணு வீசம்" என்பதற்கு மேல் போகமாட்டார். முழுசுக்கு ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, குறைவு. "சுண்ணாம்புத் தொட்டியில போட்டு எடுத்தாத்தான் உண்ணி கடிச்ச ஓட்டை தெரியும் சார். அதுக்கு ஒரு வீசம் விட்டு வைக்கணும்."

பத்து வருஷத்துக்கு முன்னால், கம்பெனி துரையின் ரக்பி பந்து கிழிந்துபோனது. நல்ல தோலாகப் பார்த்து எடுத்து, கச்சிதமாகத் தைத்துக் கொடுத்தார் கங்காதரன். துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரிலேயே சென்னைக்கு அழைத்துப் போய், தம் கிளப் மைதானத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கவைத்து ஒரு முழு ஆட்டத்தைக் காட்டினார். "எருமைங்க சேத்துல முட்டிக்கிற மாதிரி முட்டிக்கிறாங்க சார். மூக்குல ரத்தம். முடிஞ்சதும் கை குடுத்துச் சிரிக்கிறாங்க. என்னா மனுஷங்க!" என்று அந்த ஒரு ஆட்டத்தை ஆறு மாதம் சொன்னார். கேட்டுக் கேட்டே கம்பெனியில் நாற்பது பேர் ரக்பி ரசிகர்கள் ஆகிவிட்டார்கள். அதில் ஒருவர்கூடப் பந்தை உதைத்ததில்லை, ஆட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் மதராஸ் கட்சி, கொழும்புக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து சாப்பாட்டு நேரத்தில் சண்டை போட்டார்கள். கொழும்பிலிருந்து வருஷம் தவறாமல் ஒரு கோஷ்டி வந்து ஆடும். கொழும்புக் கட்சித் தலைவன் வேலு. காரணம் கேட்டால், "கடல் தாண்டி வர்றான் பாவம், நாமதான் பாத்துக்கணும்" என்பான்.

எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று கங்காதரனைத்தான் கேட்பார்கள். சட்டென்று சொல்லமாட்டார். துரையின் டிரைவரிடம் யாருக்கு முழங்கால் வலி, யாருக்குக் காய்ச்சல் என்று விசாரிப்பார். மண்ணை அழுத்திப் பார்ப்பார். அப்புறம் தோலுக்குச் சொல்வதுபோலவே, மதராஸ் ஜெயிக்க எத்தனை பங்கு என்று ஒரு பின்னம் சொல்லி, "மீதி பந்துக்கு" என்று முடிப்பார். உருண்டைப் பந்தென்றால் குதித்த வழியே போகும். இது முட்டைப் பந்து, கீழே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று உதைத்தவனுக்கே தெரியாதாம். எல்லாம் கைக்குள் இருந்தாலும் பந்துக்கு ஒரு வீசமாவது வைக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்த வீசத்தை அவர் ஒரே ஒரு தடவை வைக்காமல் விட்டார். ஐம்பத்திரண்டாம் வருஷம், மறுநாள் கொழும்புக் கோஷ்டியோடு ஆட்டம். மதராஸ் பக்கம் ஆடப்போகிற துரையே தோல் கொட்டகைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் இவர் தோளில் கைபோட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் "எவ்வளவு, கங்காதர்?" என்றார். துரையின் இடது முழங்காலில் கட்டுப் போட்டிருப்பதை இவர் காலையிலேயே டிரைவர் சொல்லித் தெரிந்துவைத்திருந்தார். மனசுக்குள் இருந்தது வெறும் அரைதான். வாயில் வந்தது, "முழுசா ஒண்ணு, துரை!"

துரை சிரித்துக்கொண்டே போய்விட்டார். பக்கத்தில் நின்ற முனீர் அகமது சிரிக்கவில்லை, யோசித்தார். இருவரும் ஒரே கொட்டகை, ஒரே ஊர், வாலாஜாபேட்டையிலிருந்து பத்து வருஷம் ஒன்றாகச் சைக்கிளில் வந்து போன தோஸ்துகள். முனீரின் மனைவி அஜீஸுன்னிசாவுக்குப் பிரசவமாகி மூன்று மாதம். தாய்ப்பால் போதவில்லை. வேலுவிடம் ஒரு கறவை ஆடு இருந்தது. கங்காதரன் வாயிலிருந்து 'முழுசு' என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. முனீர் அன்று மாலையே தம் சைக்கிளை வேலுவின் ஆட்டுக்கு எதிராகப் பந்தயம் வைத்தார். கங்காதரன் அதைக் கேள்விப்பட்டது மறுநாள், ஆட்டம் தொடங்கிய பிறகு.

கடைசி நிமிஷம் வரை மதராஸ்தான் முன்னால் இருந்ததாம். கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்த பந்து துரை கைக்கு வருவதுபோல வந்து, குறுக்கே துள்ளிவிட்டது. அந்தக் காலால் திரும்ப முடியவில்லை. கொழும்பு ஆள் அள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். திங்கட்கிழமை முனீர் சைக்கிளை எண்ணெய் போட்டுத் துடைத்து வேலுவிடம் ஒப்படைத்தார். வேலு நல்லவன். கைக்குழந்தை விஷயம் தெரிந்ததும் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தான், ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போனான். "பந்தயம்னா பந்தயம்" என்று இரண்டையும் திருப்பி அனுப்பினார் முனீர்.

நாலு வருஷமாகிறது. கங்காதரன் தம் சைக்கிளைக் கொடுத்துப் பார்த்தார், முனீர் வாங்கவில்லை. பின்னால் உட்காரச் சொன்னார். "அல்லா எனக்குக் கால் குடுத்துக்கிறாரு" என்று பதில் வந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம், அதுதான் தாங்கவில்லை என்கிறார் கங்காதரன். அன்றிலிருந்து இவரும் ஏறுவதில்லை. மூன்று மைல், போக வர, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முனீர் பக்கத்தில் நடக்கிறார். ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவார்கள், ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நம்ம வேலு தினமும் முனீரின் பழைய சைக்கிளில் அவர்களைத் தாண்டிப் போகிறான். மணியடிக்காமல் இருக்கலாம், பாவி, பழக்கதோஷத்தில் அடித்துவிடுகிறான்.

"ஏறப்போறதில்லைன்னா வண்டிய வீட்லயே விட்டுட்டு வரலாமே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அவனுக்கு என்னிக்காவது கால் வலிச்சா, சார்?"



துரை சீமைக்குத் திரும்பிவிட்டார். கம்பெனியில் இன்னும் சிலர் பழக்கத்தில் கங்காதரனிடம் ஆட்டத்துக்குப் பின்னம் கேட்கிறார்கள். முதலில் தாம் தப்பாகச் சொன்னதை ஒப்பிப்பார்: "இதுவரைக்கும் சொன்னது இருவத்தி நாலு. ஒம்போது தப்பு. அதுல ஒண்ணு தப்பு இல்ல, பொய்." பிறகு கேட்டவனைத் தம் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார், பந்தயம் கட்டமாட்டேன் என்று. ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு பேஜாரா என்று பாதிப்பேர் கேட்காமலே போய்விடுகிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் என்னிடம் பேப்பர் கேட்க வரும்போது முனீர் உள்ளே வரமாட்டார். ரோட்டு ஓரம் மைல்கல்லுக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டியோடு நிற்பார். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நின்றார். காலில் துணி சுற்றியிருந்தது, ஆணி ஏறிவிட்டதாம். மறுநாள் மறுபடியும் கொழும்புக் கோஷ்டியோடு ஆட்டம். நான் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கும்போது, ரோட்டிலிருந்து முனீரின் குரல் வந்தது.

"எவ்வளவுடா?"

கங்காதரன் திரும்பிப் பார்த்தார். மண்ணில் அழுத்திய விரலை எடுக்க மறந்துபோனார். "அரையும் ஒரு வீசமும்" என்றார். அப்புறம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "மீதி பந்துக்கு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் முனீர் பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்தார். முனீர் அந்தப் பின்சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியை மட்டும் அதன்மேல் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே நடக்கத் தொடங்கினார். கங்காதரன் ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் அந்தத் தூக்குச்சட்டி விழாமல் பிடித்துக்கொண்டே கூடப் போனார்.