இஞ்சினைத் திறக்க விடாத லலிதா

செய்தி வந்தபோது நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். கவுன்டரில் தொலைபேசி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. குளுவாங்கில் எங்கள் பட்டறை திறந்த நாளிலிருந்து அந்தத் தொலைபேசியை எடுப்பது லலிதாவின் வேலை. அவர் மருத்துவமனையில் இருந்த அந்த வாரம்கூட நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகப் பழகவில்லை. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

அவருடைய தங்கை பேசினார். "அண்ணே, அக்கா போய்ட்டாங்க."

என் வாயில் முதலில் வந்த வார்த்தை "எப்ப?" என்பதுதான். காலையில் டீ கேட்டாராம், கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். சிறுநீரகக் கோளாறுதான், சில நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது, நான் கேட்ட கேள்வி என்னுடையதே இல்லை என்று.

லலிதாவிடம் வண்டி கொண்டுவந்த எல்லாருக்கும் அந்த "எப்ப?" தெரியும். உங்களில் பலர் அதற்கு எரிச்சல்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். பிரேக் கத்துகிறது என்று வந்து நிற்பீர்கள். எப்போது கத்துகிறது, மழையிலா வெயிலிலா, முதல் தடவை மிதிக்கும்போதா, பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தாலும் கத்துமா என்று வரிசையாகக் கேட்பார். ஸ்பேனரை எடுக்கச் சொன்னால் கேள்வி கேட்கிறாரே என்று என்னைப் பார்ப்பீர்கள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். "வண்டி பேசாதுலா, ஓட்டறவங்கதான் பேசணும்" என்பார். பட்டறைக்கு வருவதற்கு முன் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், திரும்பி வரும் பழுதான பொருள்களைப் பற்றி விசாரிக்கும் பிரிவில் இருந்தவர். தினமும் எல்லைப் பாலம் கடந்து போய்வந்து அலுத்துப்போய், என்னோடு கூட்டுச் சேர்ந்தார். அந்த வேலை விட்டாலும் விசாரணை விடவில்லை.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். ஒரு வேனில் பின்சக்கர பேரிங் போய்விட்டது என்று அடித்துச் சொல்லி, நான் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், இருக்கைக்கு அடியில் ஒரு மைலோ டின் உருண்டுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு என்னோடு வாதம் முற்றும்போதெல்லாம் நான் மைலோ குடிக்கிறீர்களா என்று கேட்பேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பிறகு அவரே போய் எல்லாருக்கும் வாங்கி வருவார்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் முனியாண்டி அண்ணனின் காரைத்தான் சொல்வேன்.

முனியாண்டி அண்ணன் லாயாங் லாயாங்கில் இருக்கிறார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் தினேஷ் மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். விடுமுறை நாள்களில் வீட்டுக்கு வந்து, பழைய கார் ஒன்றில் வேறு இஞ்சினை ஏற்றி, டர்போ வைத்து, முன்பம்பரை அறுத்து வாய் திறந்து, தன் கையாலேயே அதை உருவாக்கினான். நல்ல வேலை. குழாய்கள் போன வழியைப் பார்த்தாலே பொறுமைக்காரன் என்று தெரியும். கார் முடிந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய அஸ்தியை மூவார் ஆற்றுமுகத்தில் கரைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் அண்ணன் அந்தக் காரை எடுத்துக்கொண்டு சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலை ஏறி மூவாருக்குப் போய்வருவார். புறப்படுமுன் காரின் முன்னால் ஒரு செவ்வந்தி மாலை கட்டுவார்.

அப்படிப் போன ஒரு நாள் வழியில் இஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் ஒழுகி, சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது. டர்போவுக்குக் கூலன்ட் கொண்டு போகும் குழாயை, இடம் இல்லாததால், ரேடியேட்டரின் தலைக்கு மேலே குறுக்காகக் கொண்டு போயிருந்தான் பையன். அது ஒரு தகட்டில் உரசி உரசி ஓட்டையாகியிருந்தது. அதில் புதிர் ஒன்றும் இல்லை. குழாயை மாற்றினேன், கூலன்ட் ஊற்றினேன், உள்ளே நின்ற காற்றை வெளியேற்றினேன், அனுப்பினேன். அண்ணன் திரும்பி வந்தார். மறுபடியும் சூடாகிறது என்றார். லலிதா தெர்மோஸ்டாட் என்றார், அதையும் மாற்றினேன். அதற்கும் திரும்பி வந்தார்.

இஞ்சினுக்குள் கூலன்ட் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போய்விட்டது, மேல்மூடியைக் கழற்றி ஹெட்டைத் திறக்க வேண்டும் என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூலன்ட் இல்லாமல் ஓடி, முள் சிவப்பைத் தொட்ட டர்போ இஞ்சினைப் பற்றி எந்த மெக்கானிக்கும் முதலில் அதைத்தான் சொல்வான். அண்ணன் தூக்கி வைத்திருந்த கார் பொன்னெட்டுக்கு முன்னால் போய் நின்றார். இஞ்சினின் மேல்மூடியில் ஒவ்வொரு போல்ட்டின் மீதும் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. இறுக்கி முடித்ததற்கு அடையாளமாக, போல்ட்டிலிருந்து மூடி வரைக்கும் சேர்த்து தினேஷ் போட்டது. போல்ட்டைத் திருகினால் கோடு விலகிவிடும்.

"இது அவன் கடைசியா மூடுனது," என்றார் அண்ணன். "திறக்காம பாக்க முடியாதாப்பா?"

இஞ்சினுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கவுன்டரிலிருந்து லலிதா எழுந்து வந்து, "அங்கிள், எப்ப சூடாகுது?" என்று ஆரம்பித்தார்.

வீட்டு வாசலில் ஓடவிட்டால் ஆகவில்லை. கடைத்தெருவுக்குப் போனால் ஆகவில்லை. நெடுஞ்சாலையில் மட்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, போய்ப் பார்த்துவிடலாம் என்றார். அண்ணன் ஓட்ட, லலிதா பக்கத்து இருக்கையில், நான் பின்னால் மடங்கி உட்கார்ந்து போனோம். சிம்பாங் ரெங்கத்தில் ஏறி வேகம் பிடித்ததும் முள் ஏறியது. லலிதா மெதுவாகப் போகச் சொன்னார், முள் இறங்கியது. மறுபடி வேகம், மறுபடி ஏறியது.

"கேஸ்கட் போயிருந்தா இப்படி ஒழுங்கா ஏறி இறங்குமா அண்ணே?" என்று திரும்பி என்னைக் கேட்டார்.

இறங்கவும் செய்யலாம் என்றேன். ஆனால் என் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. கேஸ்கட் போயிருந்தால் வந்திருக்க வேண்டிய குமிழி ரேடியேட்டரில் வரவில்லை, எண்ணெய் பால் நிறமாகத் திரியவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை என்பதை நானே பார்த்திருந்தேன். பார்த்ததை விட்டுவிட்டு, பழக்கத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "இருக்கலாம். அதுக்கு முன்னாடி காத்தைப் பாத்துருவோம்," என்றார்.

பட்டறைக்கு வந்ததும் ஒரு செய்தித்தாளைக் கிழித்தார். காரின் முன்னால், டர்போவுக்குப் போகும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இருக்கிறது. அதற்குப் பின்னால் ரேடியேட்டர். விசிறி ஓடும்போது முன்னால் தாளைப் பிடித்தால், காற்று அதை உள்ளே இழுத்து ஒட்டவைக்க வேண்டும். இடது பக்கம் ஒட்டியது. வலது பக்கம் வைத்தார், தாள் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

இன்டர்கூலரைக் கழற்றினேன். ரேடியேட்டரின் வலது பாதி முழுக்கச் செவ்வந்தி இதழ்கள். மாதா மாதம் கட்டிய மாலையிலிருந்து உதிர்ந்து, அறுத்த பம்பரின் வாய் வழியாக உள்ளே போய், இரண்டுக்கும் இடையில் தங்கியிருக்கின்றன. அதன்மேல் ஒழுகிய கூலன்ட் வழிந்து காய்ந்து, எல்லாம் ஒன்றாகப் பசை போட்டது போல அப்பிக்கிடந்தது. கழுவி விட்டால் போகிற பூ, அந்த ஒழுகலுக்குப் பிறகு சுவராகிவிட்டது. மெதுவாகப் போகும்போது மீதிப் பாதி தாக்குப்பிடித்தது, நெடுஞ்சாலையில் முடியவில்லை.

அந்த மாலை எங்கள் கண்ணில் படாததல்ல. கார் வந்த ஒவ்வொரு தடவையும் பொன்னெட்டைத் திறக்குமுன் நான்தான் அதை அவிழ்த்தேன். கண்ணில் ஒற்றி, சாமிப்படத்துக்குக் கீழே வைத்தேன். லலிதாவும் பார்த்திருக்கிறார். செத்துப்போன பையனுக்குப் போட்ட மாலையைச் சந்தேகப்பட எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

அண்ணன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். குப்பை அடைத்திருந்தது என்று மட்டும் சொல்லிவிடலாம் என்றேன். அந்தக் காரைக் கெடுத்தது தன் கைதான் என்று அவர் கேட்க வேண்டுமா என்று எனக்கு வேதனையாக இருந்தது. லலிதா ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த அமாவாசைக்கும் அதே இடத்தில்தான் கட்டுவார், அன்றைக்கு இஞ்சின் நிஜமாகவே போகும் என்றார். அவரே போய்ச் சொன்னார். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"அங்கிள், மாலைப் பூ உள்ள போயி காத்தை அடைச்சிருச்சு. அவ்ளோதான். தம்பி செஞ்ச இஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. இவ்ளோ சூட்டையும் தாங்கி நிக்குது."

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். பூவைப் பற்றிய பாதி அவர் காதில் விழுந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு குறையும் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றார் லலிதா. அதற்குப் பிறகு, மாலையை எங்கேதான் போடுவது என்று கேட்டார்.

"பக்கத்து சீட்டுல வைங்க. கூடவே வரட்டும்."

அண்ணன் அழுதார். லலிதா அழவில்லை. பெல்ட்டையும் மாட்டிவிடுங்கள், வளைவில் உருளும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அடுத்த ஆளிடம் எப்ப என்று கேட்கத் தொடங்கினார்.

அவருடைய பதினாறாம் நாள் முடிந்து நான் பட்டறையைத் திறந்த காலையில் அந்தக் கார் வந்து நின்றது. பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டிய ஒரு மாலை. அண்ணன் அதை எடுத்துக் கொடுத்து, இது பாப்பாவுக்கு என்றார். லலிதாவின் படத்துக்குப் போட்டேன். கவுன்டர் விசிறியின் காற்று பட்டு இதழ் உதிர்ந்தது. படத்தைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினேன்.

அண்ணன் போகாமல் நின்றார். பொன்னெட்டைத் தூக்கினார். இஞ்சினை ஓடவிட்டுக் கேட்பதற்காக நானும் குனிந்தேன். மஞ்சள் கோடுகள் ஒன்றுகூட விலகாமல் அப்படியே இருந்தன.

"இனிமே இத யாருப்பா பாக்குறது?" என்றார்.

லலிதாவிடமிருந்து என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று யாராவது கேட்டால், அன்றைக்கு நான் சொன்ன பதில்தான் அது.

"நான் பாக்குறேண்ணே. திறக்காம."