துரை வம்சம்

எண்பத்தேழில் ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது நாங்கள் அங்கே நாடி என்ற ஊரில் இருந்தோம். கணவருக்குக் கரும்புத் தோட்டம். எனக்கு ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. இந்தியர்கள் எல்லாம் கிளம்புங்கள் என்று ரோட்டில் போகிறவர்கூடச் சொல்லிவிட்டுப் போன நேரம். நாத்தனார் குடும்பம் கனடா போய்விட்டது. எங்கள் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது.

என் அம்மாவின் தாத்தா ஒரு வெள்ளைக்காரர், கரும்புத் தோட்டத்து ஓவர்சியர். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. பிள்ளையையும், தன் பெயரும் ஊரும் எழுதிய ஒரு ஜெபப் புத்தகத்தையும் விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார். வெளியே சொல்லக் கூசிய சங்கதி, அப்போது எனக்குப் பெருமையாகிவிட்டது. இங்கிலாந்து ரத்தம் என்றால் இங்கிலாந்து விசா தராதா என்ன?

ஓட்டலில் தங்கியிருந்த ஓர் ஆங்கிலேய அம்மாளிடம் அந்தப் புத்தகத்தில் இருந்த பெயரையும் ஊரையும் சொன்னேன். பழைய சர்ச் பதிவேடுகளைப் புரட்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்காம். ஊர் திரும்பி ஆறேழு மாதம் கழித்து ஐந்து பக்கம் கைப்பட எழுதி அனுப்பினார். முதல் பக்கத்திலேயே முந்நூற்றுச் சொச்ச வருஷத்துப் பரம்பரை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மீதியைப் படிக்கப் பொறுமையில்லாமல், கணவரை இழுத்துக்கொண்டு தலைநகர் சுவாவுக்குப் பஸ் ஏறினேன்.

விசா அலுவலகத்தில் இரண்டே நிமிஷம். தாத்தா பாட்டி வரைக்கும்தான் செல்லுமாம். அதற்கு மேலே ராஜாவே இருந்தாலும் பிரயோஜனமில்லையாம்.

திரும்பிப் பஸ் ஏறினோம். பாதி வழியில் கணவர், மிச்சத்தையாவது படியேன், அந்தம்மா அவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்றார். படித்துத் தமிழில் சொன்னேன். பரம்பரையின் முதல் ஆள் செருப்புத் தைக்கிறவர். வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். இவன் இந்த ஊரான் இல்லை, நாளைக்கு நொடித்துப்போனால் நம் தலையில்தான் விழுவான் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவுகட்டி, மனைவி கைக்குழந்தையோடு வண்டியில் ஏற்றி எல்லையில் இறக்கிவிட்டார்களாம்.

கணவர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார்.

"வெள்ளக்காரனயே வெள்ளக்காரன் போவச் சொன்னானா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு ராத்திரி அந்தக் கொழந்தய எங்க தூங்க வெச்சாங்களோ."

புரட்சிக்குப் பிறகு நான் முதன்முதலாக அழுதது அந்தப் பஸ்ஸில்தான்.

சில வருஷம் கழித்து வேறு வழியில் ஆக்லாந்து வந்து சேர்ந்தோம். துரை வம்சம் என்று பெருமையடிக்கக் கிளம்பிய எனக்கு, இன்றைக்கும் சொந்தம் என்று மனசில் ஒட்டியிருப்பது அந்த வண்டியில் உட்கார்ந்திருந்த மூன்று பேர்தான்.