சட்டம் கேட்டவள்

அடைத்த கதவையும் திறக்க வைத்துவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் ‘கதவுக்காரி’ என்று பெயர். பிள்ளையை அடிக்கிறார்கள், முதியவரைப் பட்டினி போடுகிறார்கள் என்று தகவல் வந்தால் முதலில் போய் நிற்பவள் அவள்தான். போனதும் கேள்வி கேட்க மாட்டாள், குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் எடுக்க உள்ளே போகிறவரின் பின்னாலேயே சமையலறை வரை போய்விடுவாள். அடுப்பைப் பார்த்தால் பாதி வீடு தெரிந்துவிடும் என்பாள்.

இந்த வேலைக்கென்று அவள் படிக்கவில்லை. அப்போது யார்தான் படித்தார்கள்? மனசிருந்தால் வா என்றார்கள், வந்தாள். கூடவே சேர்ந்தவள் வயதில் இளைய ஒரு தோழி. ஒரே குடையில் தெருத்தெருவாக அலைந்தவர்கள். ‘அக்கா, அக்கா’ என்று உயிரை விடுவாள். பிற்பாடு அவள் மாலை வகுப்பில் பட்டம் வாங்கி, பணியாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாள்.

சமூகப் பணியாளருக்குப் பயிற்சியும் பதிவும் கட்டாயமாக வேண்டும், சட்டத்தைத் திருத்துங்கள் என்று இருவரும் ஏறாத படியில்லை. கடைசியில் அரசு கருத்துக் கேட்கப் பொது விசாரணை வைத்தது. அதற்கு முந்தின நாள் இளையவள் சொன்னாள்.

“பயிற்சி இல்லாம வேலை பார்த்ததை உள்ளபடி சொல்லுங்கக்கா. அப்பத்தான் அவங்களுக்கு உறைக்கும். என்னை மட்டும் இழுக்காதீங்க, சங்கத்துக்கு ஆகாது. பழைய ஆளுங்களுக்கு விலக்கு வாங்கித் தர்றது என் பொறுப்பு.”

கதவுக்காரி மேடையேறினாள். “கேக்க ஆள் இல்லாம, நான் போன குடும்பங்களை வச்சுத்தான் தொழில் கத்துக்கிட்டேன். இனி யாரும் அப்படிக் கத்துக்கக் கூடாது.”

சட்டம் வந்தது. விலக்கு மட்டும் வரவில்லை. பழைய ஆட்கள் நேர்காணலில் தேறினால் பதிவு, இல்லாவிட்டால் எந்த வீட்டுப் படியும் மிதிக்கக் கூடாது. நேர்காணல் குழுவுக்குத் தலைவி யார் என்கிறீர்கள்? சாட்சாத் இளையவளேதான். நம்ம பொண்ணுதானே என்று கதவுக்காரி நிம்மதியாகப் போனாள். நம்பினாள் பாருங்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

தலைவி நிமிரவே இல்லை. விசாரணையில் பேசியதை வரி விடாமல் வாசித்தாள். “இதைச் சொன்னது நீங்கதானே, மேடம்?”

மேடமா? சுருக்கென்றது. “ஆமா, நான்தான்.”

குழுவிலிருந்த பெரியவருக்கு மனம் இளகியது. “உங்ககூட வேலை பார்த்தவங்க யாராவது இருக்காங்களாம்மா? அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பதிவு குடுத்துடலாம்.”

கதவுக்காரியின் முகம் மலர்ந்தது. தலைவியைப் பார்த்தாள்.

“யாரும் இல்லை சார்,” என்றாள் தலைவி. “இவங்க எப்பவும் தனியாத்தான் போவாங்க.”

“ஏன்டி?” என்றாள் கதவுக்காரி.

தலைவி வாசல் பக்கம் திரும்பினாள். “அடுத்தவங்களை வரச் சொல்லுங்க.”