இருபதாவது வளைவில் தூங்கிய கருவி

வண்டிக்கு ஜி.பி.எஸ். கருவி மாட்டும் தொழிலில், கருவி விழித்திருந்தாலும் திட்டு, தூங்கினாலும் திட்டு. வாடிக்கையாளர் வருவதைக் கண்டதும் தண்ணீர் குடிக்க எழுந்துபோகும் கூச்சக்காரர் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் கட்சி.

விழித்திருந்த குற்றம்

கடை சேந்தமங்கலத்தில். மலைமேல் உள்ள குண்டூர் நாட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கும் பிக்கப் வண்டி ஒன்றுக்குக் கருவி மாட்டியிருந்தோம். மழையில் வண்டி பத்து நாள் நின்றது. கருவி மட்டும் ஓயாமல் செயற்கைக்கோள்களைத் தேடித் தேடி வண்டியின் பேட்டரியைக் காலி செய்துவிட்டது. வண்டி முதலாளி செல்வராசு நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"வண்டியே படுத்துக் கெடக்குது, இந்தப் பொட்டி மட்டும் எதுக்கு அம்மிணி முழிச்சுட்டு உக்காந்திருக்குது?"

தூங்கிய குற்றம்

நியாயமான கேள்வி. இன்ஜினை அணைத்ததும் கருவி தூங்கி, அரை மணிக்கு ஒருமுறை மட்டும் எழுந்து பார்க்கும்படி சிக்கன முறைக்கு மாற்றினேன். மறு வாரமே செல்வராசு டிரைவர் மாரிமுத்துவையும் இழுத்துக்கொண்டு வந்தார். மலை இறங்கும் வண்டி தினமும் இருபதாவது வளைவில் இருபது நிமிடம் நிற்பதாகவும், பிறகு திடீரென்று மலையடிவாரக் காரவள்ளியில் இருப்பதாகவும் அவர் போன் காட்டியது.

"நான் எங்கயும் நிக்கலீங்க. நின்னிருந்தா அப்புறம் பறந்தா வந்தேன்?"

"சரக்கு உள்ள போனா பறக்கத்தான் தோணும். நாளைக்கும் நின்னீன்னா சாவியக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிரு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். போகும்போது மாரிமுத்து மெதுவாகச் சொன்னார்:

"நான் நிக்கலைன்னு பாத்துச் சொல்ல உன்ற பொட்டிக்குத்தான் கண்ணு இருக்குது. அதையும் நீ தூங்க வெச்சுட்ட."

கூடப் போன பாவம்

மனசு கேட்கவில்லை. மறுநாள் மலைக்குப் பஸ்ஸில் ஏறி, கிழங்கு மூட்டைகளோடு அவர் வண்டியில் இறங்கினேன். இருபதாவது வளைவு வரை எல்லாம் ஒழுங்கு. அங்கே மாரிமுத்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினையும் அணைத்தார். கருவியும் தூங்கி, அதன் பச்சை விளக்கு அணைந்தது. சத்தமில்லாமல் வண்டி வேகமெடுத்தது. ஸ்டியரிங்கை அவர் மாவாட்டுவதுபோல் சுற்ற, கல்லூரி வைவா தேர்வில்கூட வெளிவராத என் குரல் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது: "அண்ணா, இன்ஜினப் போடுங்க!"

போட்டார். பச்சை விளக்கு வந்தது. எனக்கு உயிரும் வந்தது. அவருக்குத்தான் வருத்தம்.

"உன்ற பொட்டி கரண்ட் மிச்சம் புடிக்கலாம், நான் டீசல் மிச்சம் புடிக்கக் கூடாதா?"

சொன்ன பிறகு

வண்டி அசைந்தாலே விழிக்கும்படி கருவியை மாற்றிவிட்டேன். பொய் சொல்லத் தெரியாததால் நடந்ததையும் செல்வராசுவிடம் சொன்னேன். மாரிமுத்துவின் சாவி இன்று போகும் என்று நினைத்தபடி. "இன்ஜின் இல்லாம பிரேக் புடிக்கலைன்னா என்ன ஆகுறது, அண்ணா?" என்றும் கேட்டுவிட்டேன். செல்வராசு போனைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அருகில் நின்ற மாரிமுத்துவின் தோளில் கை போட்டார்.

"இவனை வையாதீங்க அம்மிணி. நான் டிரைவரா இருந்தப்ப இவனுக்கு அந்த வித்தையச் சொல்லிக் குடுத்ததே நாந்தானுங்க. இனி வேண்டாம்டா, மாரி."

சிக்கனத்தைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. இவர்களுக்கு அதை மறக்கவைக்கத்தான் இருபதாவது வளைவில் அலற வேண்டியிருந்தது.