மாமா புதுசாக்கிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான் இல்லை. அப்போதும் இதைத்தான் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கெடுத்தது மாமா.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையை மூடிவிட்டார்கள். அம்மாவின் ஒரே தம்பி. ஒரு பையோடு கிள்ளானுக்கு வந்து எங்கள் பிளாட்டின் ஹாலில் பாய் விரித்துக்கொண்டார். "எத்தன நாளைக்கு?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு அப்பா லோரியில் வெளியூர் போய்விட்டார். சும்மா இருக்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், "பழைய சிஸ்டம்க்கா, புதுசு போட்டுடுறேன். நல்லா ஸ்பீடா ஓடும்" என்றார். அந்தக் கம்ப்யூட்டரில்தான் ரவாங், சுங்கை பூலோ ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் வழியாக அம்மா டியூஷன் நடத்துவார். அன்று மாலையும் வகுப்பு இருந்தது.

நான் பள்ளி விட்டு வந்தபோது கம்ப்யூட்டர் ஸ்பீடாகத்தான் ஓடியது. இன்டர்நெட்தான் இல்லை. போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடும், ஓரிடத்தில் அப்படியே நிற்கும், பிறகு நெட்வொர்க் சேவை தொடங்கவில்லை என்று சிவப்பில் ஒரு வரி வரும். மாமா கேபிளைப் பிடுங்கிச் செருகினார். மோடத்தைத் தட்டினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"இவ ஏதாச்சும் கேம் எறக்கியிருப்பாக்கா. வைரஸ் லா."

"நான் தொடவே இல்ல மாமா! நீங்கதானே மாத்துனீங்க!"

"பெரியவங்ககிட்ட வாய் பேசாத. இனிமே கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது" என்றார் அம்மா. விசாரணை அவ்வளவுதான்.

அன்று மாலை கைப்பேசியை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்து அம்மா பாடம் எடுத்தார். "டீச்சர், கேக்கல! டீச்சர், தெரியல!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு பிள்ளையின் தாய் குறுக்கே வந்து, இப்படியே போனால் வேறு டீச்சர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அதற்கும் மாமா என்னைத்தான் முறைத்தார்!

மறுநாள் காலை அம்மாவும் மாமாவும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா சார்ஜில் விட்டுப்போன கைப்பேசியில் அந்தச் சிவப்பு வரியை எழுத்துப் பிசகாமல் தட்டித் தேடினேன். எங்கேயோ யாரோ இதே தொல்லையைப் பட்டு எழுதி வைத்திருந்தார்கள். புது சிஸ்டம் நெட்வொர்க் கார்டுக்கு வேறு பெயர் வைத்துவிடுமாம். பழைய செட்டிங் கோப்போ பழைய பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருக்குமாம். புது டீச்சர் என் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டு, நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, வரவில்லை என்று எழுதிக்கொண்ட மாதிரி. வீட்டில் எல்லாவற்றுக்கும் அப்பாவின் லோரி நம்பர்தான் பாஸ்வேர்ட். அதைப் போட்டு, கோப்பைத் திறந்து, பழைய பெயரை அழித்து, அவர்கள் சொன்னபடி தேடிக் கண்டுபிடித்த புதிய பெயரை எழுதினேன். கம்ப்யூட்டரை மறுபடியும் போட்டேன். சிவப்பு வரி வரவில்லை. இன்டர்நெட் வந்துவிட்டது!

அவர்கள் கதவைத் திறந்ததுமே ஓடினேன். "அம்மா, சரி பண்ணிட்டேன்! வைரஸ் இல்ல, கார்டோட பேரு மாறிப்போச்சு, அவ்ளோதான்!"

மாமா குனிந்து திரையை வெகுநேரம் பார்த்தார். "அதத்தான் நானும் இன்னிக்குப் பாக்கலாம்னு இருந்தேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலை அப்பா லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தேநீரை நீட்டியபடி அம்மா முந்திக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்க. தம்பிதான் உக்காந்து சரி பண்ணுனான். அவன் இல்லன்னா என் கிளாஸே போயிருக்கும்."

மாமா தலையே தூக்கவில்லை. அப்பா மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார்.

"சரி, இன்னொரு வேலை கெடைக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

"பொய்! நான்தான் பண்ணேன்!" என்று கத்தினேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

சாப்பிடாமல் படுத்தேன். பல நாள் அம்மாவோடு பேசவில்லை. பழியை மட்டும் என் தலையில் கட்டிவிட்டு, நான் செய்த வேலையைத் தூக்கித் தன் தம்பிக்குக் கொடுத்த அநியாயத்தை நினைத்து நினைத்துக் கொதித்தேன். அம்மா கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னதற்கு அப்பா ஏன் அப்படி ஒரு பதில் சொன்னார் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.