எல்லா ஜாதியும் கலந்த கடலை

பிள்ளைகளே, சுண்டலில் கறுத்துச் சிறுத்த கடலையை மட்டும் பொறுக்கி ஓரமாகத் தள்ளுகிறீர்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்பே நமக்குச் சோறு போட்டது அந்தக் கறுப்புதான். அதனால் இதை எழுதுகிறேன்.

கூலிக்கே போய்க்கொண்டிருந்த எனக்குத் தாமல் கிராமத்தில் முதன்முதலாகக் கொஞ்சம் நிலம், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குக் கிடைத்தது. "இந்த ஒரு போகம் எடுத்துக் காட்டு. இல்லேன்னா வேற ஆளுக்கு வுட்டுடுவேன்" என்றார் நிலக்காரர்.

உங்கள் அம்மா அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் வாசலில் சுண்டல் விற்றாள். மலிவாக இருக்கிறதே என்று மளிகைக்கடையில் மூட்டையின் அடியில் மிஞ்சிக் கிடந்த கொண்டைக்கடலையை வாங்கிப் போனேன். முறத்தில் கொட்டியவள் தலையில் அடித்துக்கொண்டாள். பெரிது, சிறிது, சிவப்பு, கறுப்பு, பச்சை ஓடியது, எல்லாம் கலந்து கிடந்தன.

"இன்னாயா இது? ஒண்ணு வெந்து குழையும், ஒண்ணு கல்லாட்டம் நிக்கும். துன்னவன் வுயுந்த பல்லைக் கையில வெச்சிக்கினு சண்டைக்கு வருவான். கொண்டும்போய் மண்ணுல போடு!"

அவள் கோபத்தில் சொன்னாள். நான் நிஜமாகவே போட்டுவிட்டேன். மழை ஓய்ந்து மார்கழி ஈரம் இருந்தது.

பக்கத்து நிலத்தில் பயிர் வைத்தவர் எனக்கு மச்சான் முறை. அவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஒரே மாதிரி விதை போட்டிருந்தார். என் பயிரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மச்சான், எல்லா ஜாதியையும் ஒரே பந்தியில உக்கார வெச்சிட்டியா?"

தை கடைசியில் வாடல் நோய் விழுந்தது. அவர் பயிர் மொத்தமும் சாய்ந்தது. என்னுடையதிலும் கொழுத்த செடிகள் மஞ்சளாகிப் படுத்தன. நிலம் போயிற்று என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கறுப்புக் கடலைச் செடிகள் குட்டையாக, பச்சையாக நின்றன. காயும் பிடித்தன.

விவசாய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நிலத்தையும் பார்த்தார்.

"ஒரே ஜாதியா போட்டா ஒரே நோயில போயிடும்பா. வேற தேசத்து மலையில யாரும் வெதைக்காம தானா மொளைக்கிற கடலகூட இருக்குது. இதுக்குச் சொந்தம்தான். நோயத் தாங்குற கொணத்த அதுங்ககிட்டயும் தேடிக்கினு இருக்காங்க."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "அப்போ அடுத்த வருஷம் உன் பந்தியில எனக்கும் ஒரு எல போடு."

நிலக்காரரும் வந்து பார்த்தார். "சரி, அடுத்த போகமும் நீயே போடு" என்று சொல்லிப் போனார்.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் நின்றேன். நிலக்காரர்கள் எதிரில் வந்தால் எங்கள் ஆட்கள் தோள் துண்டை இறக்க வேண்டும்; எத்தனையோ முறை இறக்கியிருக்கிறேன். அன்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குட்டைச் செடிகளுக்கு முன்னால் துண்டை இறக்கி, இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்டேன்.